20 நாள் ட்ராக்ஷனுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. கடலூர் முதுநகரில் மீன் கூடை தூக்கும் வேலை. ஏழு வாரமாக இடுப்பு வலி, இடது காலில் கெண்டைக்கால் வரை இழுக்கிறது. ஸ்கேனில் 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' (இடுப்பு எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற வட்டு பிதுங்கியிருக்கிறது) என்று வந்திருக்கிறது. ஒரு சிகிச்சை சென்டரில் 20 நாள் ட்ராக்ஷன் (மெஷினால் இடுப்பை இழுப்பது), கரண்ட் வைப்பது, பெல்ட் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் கேட்கிறார்கள். செய்யாவிட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், அம்மா.

முதலில் அந்த ரிப்போர்ட். இடுப்பு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 30 பேருக்கு பல்ஜ் இருந்தது. 50 வயதில் 60 பேருக்கு, 80 வயதில் 84 பேருக்கு. கிட்டத்தட்ட நரைமுடி மாதிரி. உங்கள் கணவருக்கு நரம்பு உறுத்தப்பட்டிருக்கிறது, அதனால் கால் இழுக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இது சில மாதங்களில் ஆபரேஷன் இல்லாமலே அடங்கும். பிதுங்கியதை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதும் உண்டு. இழுத்தால் உள்ளே போய் உட்காராது. கால் இழுப்போடு வரும் வலிக்கும் ட்ராக்ஷன் வேண்டாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இலேயே சொல்லிவிட்டது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு ட்ராக்ஷன், பெல்ட், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை (ஸ்கேன் அல்ல, வலிக்கு வைக்கும் ஒலி அலை) மூன்றும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொன்னது. ஆனாலும் நம் ஊரில் இவைதான் ஓடுகின்றன. மெஷினுக்கு பில் போடலாம். கூடையை எப்படித் தூக்குவது என்று அரைமணி நேரம் சொல்லித்தர எந்த பில்லும் கிடையாது.

உங்களை அங்கே அனுப்பியது யார்? ஆட்டோக்காரரா, ஸ்கேன் சென்டர் ஆளா? அனுப்புகிறவருக்குப் பங்கு போகும் இடத்தில் வலி சீக்கிரம் குணமாக யாருக்கும் அவசரமில்லை. டாக்டர்கள் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. புரோக்கருக்கு எந்த விதி? ஒன்று நினைவிருக்கட்டும்: ஆளைக் கையால் தொட்டுப் பார்க்கும் முன்பே 'இத்தனை நாள்' என்று கணக்குச் சொல்கிறவர், வலியைப் பார்க்கவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது. படுத்தே கிடக்கக் கூடாது. காலையும் மாலையும் 10 நிமிடம் சமதளத்தில் நடக்கட்டும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 30 நிமிடத்துக்கு வரட்டும். சில்வர் பீச்சுக்குப் போனால் கால் புதையும் மணலில் வேண்டாம், சாலையிலேயே நடக்கட்டும். பிறகு குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி இறக்க வேண்டும். பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கோ இடுப்புக்கோ ஏறி வந்தால் நல்லது, இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்துங்கள். செய்த பிறகு கூடும் வலி மறுநாள் காலைக்குள் அடங்காவிட்டால் பாதியாகக் குறையுங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது முதலில் வெறுங்கூடை, பிறகு 5 கிலோ, பிறகு 10. ஐஸ் போட்ட கூடை கனம் என்பது மட்டுமல்ல, ஒழுகுகிறதே என்று உடம்பிலிருந்து தள்ளிப் பிடிக்கிறார்கள். அதில்தான் இடுப்பு போகிறது. சட்டை நனைந்தாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கட்டும். தலைக்கு ஏற்றும்போது இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

ஒரே ஒரு நிலையில் நான் சொன்ன எதையும் செய்யாதீர்கள். மூத்திரம் முட்டியும் வரவில்லை, அல்லது தெரியாமல் போய்விடுகிறது. சைக்கிள் சீட் படும் இடம் மரத்திருக்கிறது, கழுவும்போது கை பட்டது தெரியவில்லை. மலம் அடக்க முடியவில்லை. இழுப்பு இரண்டு காலுக்கும் வந்துவிட்டது. இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவு. மாத்திரைச் சூடு, சுகர், வயிற்றுக் கோளாறு என்று காரணம் தேடாதீர்கள். திங்கட்கிழமை ஓபி பார்க்கலாம் என்று ஞாயிறைக் கழிக்காதீர்கள். போன உணர்ச்சி திரும்பாமலே போகலாம், மணிக்கணக்கு முக்கியம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போனாலும் ஓபி சீட்டு வரிசையில் நிற்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய், "மூத்திரம் வரவில்லை" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இடுப்பு வலி என்று ஆரம்பித்தால் காத்திருக்கச் சொல்லிவிடுவார்கள். நடக்கையில் செருப்பு தெரியாமல் கழன்று விழுந்தாலும், குதிகாலில் நிற்க முடியாவிட்டாலும் அதே வாரத்தில் எலும்பு அல்லது நரம்பு அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நடக்கவே முடியாத நிலை என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். இது தமிழ்நாட்டுத் திட்டம், புதுச்சேரி எல்லைக்குள் செல்லாது.

ஸ்கேன் ஃபிலிமை அந்த சிகிச்சை சென்டரிலிருந்து இன்றே வாங்கி வந்துவிடுங்கள். அங்கேயே கிடந்தால் அடுத்த டாக்டர் புதிதாக எடுக்கச் சொல்வார்.