கூரையை எந்தப் பக்கம் தள்ளுவது?

கே: எங்கள் தோட்டத்தில் பத்துக்குப் பத்தில், கூரையைத் தள்ளித் திறக்கும் வானோக்குக் கூடம் கட்டப் போகிறேன். எட்டு அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. கையில் கிடைத்த அமெரிக்க பிளானில் கூரையை வடக்கே தள்ளச் சொல்கிறார்கள். அப்படியே செய்யலாமா?
– வாசகர், திருப்பத்தூர்

ப: வேண்டாம். அமெரிக்காவில் துருவ நட்சத்திரம் 40 டிகிரி உயரத்தில் நிற்கும், கூரை அதற்குக் கீழே ஒதுங்கிவிடும். உங்கள் ஊரில் அது பன்னிரண்டரை டிகிரிதான், தள்ளிவைத்த கூரையே மறைத்துவிட்டால் தொலைநோக்கியைத் தாங்கித் திருப்புகிற மவுன்ட்டை எதைப் பார்த்துச் சரிசெய்வீர்கள்? தெற்கும் கூடாது. தென்வானத்து விண்மீன் கொத்தான ஒமேகா சென்டாரி அவர்களுக்கு அடிவானத்தை ஒட்டித் தலைகாட்டும், நமக்கோ 30 டிகிரி ஏறி வரும். வடவானம் தென்வானம் இரண்டும் கிடைப்பது ஜவ்வாது மலையில் வானாய்வகம் இருக்கிற காவலூருக்கு உள்ள பெரிய வசதி, அந்த மலையடிவாரத்தில் இருந்துகொண்டு நாமே மறைப்பானேன். கிழக்கோ மேற்கோ, ஊர் வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தள்ளுங்கள்.

சக்கரத்துக்கு எங்கும் அலைய வேண்டாம், ஸ்லைடிங் கேட் செய்யும் வெல்டிங் பட்டறையிலேயே முடிந்துவிடும். எல் ஆங்கிளைக் கவிழ்த்து வைத்து அதன் முதுகில் ஓடுகிற பள்ளச் சக்கரம்தான். ஆனால் இரண்டு பக்கமும் பள்ளச் சக்கரமே போட்டுவிடுவார்கள், ஒரு தண்டவாளம் ஒரு நூல் விலகினாலும் கூரை பாதியில் இறுகி நின்றுவிடும். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் தட்டைச் சக்கரம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், மூடியதும் நாலு மூலையிலும் கூரையைச் சுவரோடு இழுத்துக் கட்டக் கொக்கி வேண்டும், கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற காற்று தகரத்தைச் சும்மா விடாது.

தொலைநோக்கி நிற்கும் தூணுக்குத் தனி அஸ்திவாரம். தரைக்குக் கான்கிரீட் போடும்போது தூணைச் சுற்றித் தெர்மாகோல் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் வியாழன் ஆடும். கொத்தனார் இதென்ன வேண்டாத வேலை என்பார், அந்த நேரத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள்.

கே: எனக்குத் தோட்டமில்லை, மொட்டை மாடிதான். அங்கே கட்டலாமா?
– வாசகி, மதுரை

ப: கட்டலாம், ஆனால் தூண் தளத்தின் நடுவில் வரக்கூடாது, கீழே பில்லர் இருக்கிற இடத்துக்கு நேர்மேலே வர வேண்டும். பகல் வெயிலை மாடி ராத்திரி வெகுநேரம் வரை கக்கிக்கொண்டிருக்கும், கோள்களைப் பார்ப்பதைப் பின்னிரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கிற எண்ணம் இல்லை, கண்ணால் பார்த்தால் போதும் என்றால் கூடமே எதற்கு? தரையில் வைத்துக் கையால் திருப்புகிற டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று வாங்கி மாடிப்படி அறையில் வைத்துவிடுங்கள், தேவைப்படும்போது வெளியே இழுத்துக்கொள்ளலாம்.