ஓ'பிரையனை என்ன செய்வது?

கேள்வி: படிவத்தில் வருகிற எல்லாவற்றையும் தரவுத்தளத்தில் சேமிக்கும் முன்பே எச்டிஎம்எல் எஸ்கேப் செய்துவிடுகிறேன். இப்போது ஓ'பிரையன் என்ற பெயர் திரையில் ஓ&#39;பிரையன் என்று தெரிகிறது. திருத்திச் சேமித்தால் இன்னும் நீள்கிறது. எங்கே தவறு?

பதில்: எச்டிஎம்எல் எஸ்கேப் என்பது, வலைப்பக்கத்தில் வருகிற குறிகளை உலாவி கட்டளையாக எடுத்துக்கொள்ளாதபடி குறியீடாக மாற்றுவது. அதைச் சேமிக்கும்போதே செய்ததுதான் தவறு. இதையே நானும் செய்திருக்கிறேன். அதுவும் ஒரு பயிற்சி முடித்தவர்களுக்கான சான்றிதழ்களை அச்சடித்த பிறகுதான் கவனித்தேன். பிடிஎஃப் தாளுக்கு எச்டிஎம்எல் தெரியாதே. &#39; என்று கொடுத்தால் அப்படியே அச்சிட்டுவிடும். எல்லாத் தாளையும் மறுபடி அச்சடித்தோம்.

உங்களிடம் நடப்பது இதுதான். ' என்ற குறி &#39; ஆக மாறி உள்ளே போகிறது. காட்டும்போது பக்கத்தை உருவாக்கும் டெம்ப்ளேட் தன் பங்குக்கு இன்னொரு முறை எஸ்கேப் செய்ய, & குறி &#38; ஆகிறது. அதனால் பயனர் கண்ணில் &#39; படுகிறது. அதைத் திருத்தும் பெட்டியில் வைத்துச் சேமித்தால் தரவுத்தளத்தில் இருப்பது &#38;#39;. அடுத்த முறை இன்னும் ஒரு சுற்று.

பயனர் தட்டியதை அப்படியே சேமியுங்கள். எஸ்கேப் செய்வதை வெளியே அனுப்பும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எப்படி எஸ்கேப் செய்வது என்பதை அந்த இடம்தான் தீர்மானிக்கிறது. எச்டிஎம்எல் பக்கத்தின் நடுவில் என்றால் <, >, &, இரண்டு வகை மேற்கோள் குறிகள் ஆகிய ஐந்தையும் மாற்றினால் சரி. டேக்கின் பண்புக்குள் (டேக்குக்கு உள்ளேயே எழுதும் பெயர்-மதிப்பு ஜோடி) என்றால் மதிப்பைச் சுற்றி மேற்கோள் குறி கட்டாயம் இருக்க வேண்டும். பிஎச்பி என்ற நிரல் மொழியின் 8.1-க்கு முந்தைய பதிப்புகளில், எஸ்கேப் செய்யும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் கட்டளை ஒற்றை மேற்கோளை இயல்பாக மாற்றாது, தனியாகச் சொல்ல வேண்டும். இது பலரைக் கவிழ்த்த குழி. இணைப்பு முகவரி என்றால் எஸ்கேப் மட்டும் காப்பாற்றாது. ‘ஜாவாஸ்கிரிப்ட்:’ என்று தொடங்கும் முகவரியில் எஸ்கேப் ஆக வேண்டிய எழுத்து ஒன்றுகூட இல்லாமல் போகலாம். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்று தொடங்குபவற்றை மட்டும் அனுமதியுங்கள். குறுஞ்செய்திக்கும் பிடிஎஃப்புக்கும் எச்டிஎம்எல் எஸ்கேப்பே வேண்டாம்.

உள்ளே வரும்போதே சுத்தம் செய்துவிடலாம் என்ற ஆசை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. பிஎச்பியே ‘மேஜிக் கோட்ஸ்’ என்று வைத்திருந்தது. வருகிற ஒவ்வொரு மேற்கோள் குறிக்கும் முன்னால் தானாக ஒரு பின்சாய்வுக் கோடு போட்டுவிடும். ஊரெல்லாம் ஓ\'பிரையன் ஆனதுதான் மிச்சம். 2012-இல் வந்த 5.4 பதிப்பில் தூக்கிவிட்டார்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன தரவைத் திருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் எல்லாப் பக்கங்களிலும் வெளியீட்டு எஸ்கேப் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பேக்கப். அதன் பிறகே பழைய குறியீடுகளை மீட்டெடுங்கள். தலைகீழாகச் செய்தால், இதுவரை செத்துக் கிடந்த ஸ்கிரிப்ட் டேக் ஏதாவது உயிர் பெற்று எழுந்துவிடும்.

கேள்வி: எஸ்கியூஎல் வினவலில் (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையில்) ஒற்றை மேற்கோளை இரட்டித்துவிடுகிறேன். போதாதா?

பதில்: எண் வருகிற இடத்தில் மேற்கோளே கிடையாதே, அங்கே எதை இரட்டிப்பீர்கள்? ‘5’ வர வேண்டிய இடத்தில் ‘5’-ஐத் தொடர்ந்து ஒரு நிபந்தனையையே எழுதி அனுப்புவார்கள். 1998-லேயே வெளிப்படையாக எழுதப்பட்ட தாக்குதல் இது. பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பயன்படுத்துங்கள்: வினவல் தனியாகவும் மதிப்பு தனியாகவும் போகும், மதிப்பு ஒருபோதும் கட்டளையாகாது. நெடுவரிசைப் பெயரை மட்டும் அப்படி அனுப்ப முடியாது. எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று பயனர் தேர்ந்தெடுத்தால், அனுமதித்த பெயர்களின் பட்டியலில் அது இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கருத்துப் பெட்டியில் ‘ஸ்கிரிப்ட்’ டேக் வந்தால் நீக்கிவிடுகிறேன். பாதுகாப்புதானே?

பதில்: ‘ஸ்கிஸ்கிரிப்ட்ரிப்ட்’ என்று ஒருவர் எழுதட்டும். நடுவிலிருப்பதை நீங்கள் நீக்கியதும் மீதி என்ன ஆகிறது, சேர்த்துப் படித்துப் பாருங்கள். அது போக, படம் ஏறாவிட்டால் ஓடு என்று இமேஜ் டேக்கிலேயே நிரல் வைக்கலாம். 2005-இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்ற சொல்லை வடிகட்டியது. சாமி கம்கார் என்ற இளைஞர் அந்தச் சொல்லின் நடுவில் ஒரு வரி முறிவைப் போட்டார். சில உலாவிகள் அதைச் சேர்த்துப் படித்துக்கொண்டன. 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் அவருடைய புழு, அதாவது தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும் நிரல், பரவிவிட்டது. தடித்த எழுத்து, இணைப்பு எல்லாம் பயனருக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் எச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்து தரும் டோம்ப்யூரிஃபை போன்ற நிரல் நூலகத்தை வைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக ரெஜெக்ஸ் (எழுத்து வரிசைகளைத் தேடும் விதி) எழுத உட்காராதீர்கள்.

கேள்வி: உலாவியிலேயே சரிபார்க்கிறேன். சர்வரிலும் வேண்டுமா?

பதில்: வேண்டும். உலாவியைத் திறக்காமலே உங்கள் சர்வருக்குக் கோரிக்கை அனுப்பலாம்.

கேள்வி: பெயர் பெட்டியில் எழுத்துகள் மட்டும் என்று விதி வைத்தேன். தமிழில் தட்டினால் ஏற்க மறுக்கிறது.

பதில்: ஏ முதல் இசட் வரை என்று எழுதியிருப்பீர்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கிற யூனிகோடின் ‘எழுத்து’ வகைக்கு மாற்றினாலும் போதாது. கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் ‘எழுத்து’ இல்லை, ‘குறி’ என்ற தனி வகை. அதையும் சேர்க்காவிட்டால் ‘கமல’ உள்ளே போவார், ‘கமலா’ வெளியே நிற்பார்.

நீளத்தையும் பாருங்கள். ‘கார்த்திகேயன்’ நமக்கு 7 எழுத்து, யூனிகோடுக்கு 13 குறியீட்டுப் புள்ளிகள், யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 39 பைட்டுகள். பைட்டை எண்ணி 30-இல் வெட்டினால் அவர் ‘கார்த்திகே’ ஆகிவிடுவார். ‘கொ’வின் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டலாம். பார்வைக்கு ஒன்றுதான், தேடலில் பொருந்தாது. சேமிக்கும்போது என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டாகத் தட்டியதை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள். ‘வந்ததை அப்படியே’ என்று மேலே சொன்னதற்கு நான் ஒத்துக்கொள்கிற ஒரே விலக்கு இதுதான்.

ஒற்றை மேற்கோளையும் அந்த விதியில் அனுமதியுங்கள். ஓ'பிரையனும் பதிவு செய்ய வேண்டும்.