சிறிய வைத்தியசாலைக்கு வரும் புதுச் சிற்றூழியர்: முதல் வாரத்தில் பழக்க வேண்டியவை

யாழ். மாவட்டப் பிரதேச வைத்தியசாலைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களும் அவர்களைப் பழக்குபவர்களும் கேட்ட கேள்விகளுக்குத் தாதியப் பயிற்றுநர் ஒருவர் தரும் பதில்கள்.

மிஸி, ஒரு நாள் விரிவுரை வைச்சால் காணாதோ? (தெல்லிப்பழை)

காணாது. சிறிய இடங்களில் இரவில் ஒரு தாதிக்குத் துணையாக ஒரேயொரு சிற்றூழியர்தான் நிற்பார். ஒட்சிசன் சிலிண்டரின் திறப்பு, ரோச், மின்பிறப்பாக்கியின் சுவிச் எங்கே என்று அவர் இருட்டிலும் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வேலையையும் முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். பிறகு அவரைச் செய்ய விட்டுப் பாருங்கள். கடைசியில் அதை அவரே இன்னொருவருக்குச் சொல்லிக் காட்டட்டும். விளங்காத இடம் அப்போதுதான் வெளியே வரும். அதற்கு முன் இரவுக் கடமை கொடுக்காதீர்கள்.

இரத்தம் சிந்தினால் ரீ.சீ.எல். (கிருமி கொல்லும் குளோரின் தூள்) எவ்வளவு கரைக்கோணும்? (சாவகச்சேரி)

முதலில் பொதியில் எழுதியிருக்கும் வீதத்தைப் பாருங்கள். 0.5 வீதக் கரைசலுக்கு, 70 வீதத் தூளானால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 7 கிராம். 35 வீதமானால் 14 கிராம். 35 வீதத் தூளுக்கும் 70 வீதத் தூளின் பழைய கரண்டி அளவையே தொடர்ந்தால் கரைசல் பாதி வலுவோடுதான் இருக்கும்.

கையுறை போட்டு, இரத்தத்தைக் கடதாசியால் ஒற்றி எடுத்து மஞ்சள் பையில் போடுங்கள். அதன்பிறகே கரைசலை ஊற்றி 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். ஒற்றாமல் ஊற்றினால் இரத்தமே குளோரினைத் தின்றுவிடும். சிறுநீரின் மேல் நேரடியாக ஊற்றக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கரைசலை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கரைக்க வேண்டும்.

நெடுந்தீவிலையிருந்து நோயாளியை அனுப்பேக்கை ஒரு ஒட்சிசன் சிலிண்டர் காணுமோ?

ஏற்றுவதற்கு முன் கணக்குப் பாருங்கள். 680 லீற்றர் சிலிண்டர் நிறைந்திருந்தால், நிமிடத்துக்கு 5 லீற்றர் வீதம் 136 நிமிடம் வரும். சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் மானியின் முள் பாதியில் நின்றால் 68 நிமிடம்தான். குறிகட்டுவான் இறங்குதுறை வரை கடல், அங்கே இறக்கி ஏற்றும் நேரம், பிறகு புங்குடுதீவு வழியாக யாழ்ப்பாணம் வரை தரை. படகு பிந்தினால் நிறைந்த சிலிண்டரும் போதாமல் போகலாம். அதனால் இரண்டு கொண்டு போங்கள். படகு ஆடும்போது உருளாதபடி இரண்டையும் படுக்க வைத்துக் கட்டுங்கள்.

மானியைப் பூட்ட முன் வால்வை ஒரு கணம் மெதுவாகத் திறந்து மூடினால் வாயிலுள்ள தூசி போய்விடும். பூட்டிய பிறகு 'உஸ்' என்ற சத்தம் வந்தால் வாசரைப் பாருங்கள். தேய்ந்திருக்கும், அல்லது இருக்கவே இராது. எண்ணெய், கிறீஸ் பட்ட கையால் வால்வைத் தொடவே கூடாது. அழுத்தமான ஒட்சிசனில் எண்ணெய் தானாகவே தீப்பற்றக்கூடும்.

பாம்புக்கடிக்கு வைக்கிற கண்ணாடி ரியூப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவலாமோ?

வேண்டாம். இதைப் பலரும் சிற்றூழியருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை. கண்ணாடி விரியனோ சுருட்டையோ கடித்தால் இரத்தம் உறைகிறதா என்று பார்க்க, 2 மில்லிலீற்றர் இரத்தத்தைச் சாதாரணக் கண்ணாடி ரியூப்பில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒரு தடவை சரித்துப் பார்ப்பார்கள். உறைதலைத் தொடக்கி வைப்பதே கண்ணாடியின் மேற்பரப்புத்தான். சவர்க்காரப் படிவு இருந்தாலோ ரியூப் பிளாஸ்ரிக்காக இருந்தாலோ நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கும். அதை நம்பி விஷமுறிவு மருந்து ஏற்றினால், தேவையில்லாமல் கடும் ஒவ்வாமையைத் தேடிக்கொள்வோம். புதிய, உலர்ந்த ரியூப்புகளைத் தனிப் பெட்டியில் பெயர் ஒட்டி வையுங்கள். பக்கத்திலேயே ஒரு மணிக்கூடு இருக்கட்டும்.

ஊசி குத்தினால்?

பிதுக்காதீர்கள். சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவி, உடனே பொறுப்புத் தாதிக்குச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் இரண்டு மணித்தியாலமே நல்லது. ஊசிப் பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடிவிடுங்கள். அதற்குமேல் திணிக்கும்போதுதான் குத்துகிறது. ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசியை (0, 1, 6 மாதங்கள்) வேலையில் சேர்ந்த வாரமே தொடங்குங்கள்.

எல்லாரும் ஊர்ச்சனம். என்ன வருத்தம் எண்டு சொந்தக்காரர் கேட்டால் எப்பிடிச் சொல்லாமல் விடுறது?

"எனக்குச் சொல்லேலாது, மிஸியைக் கேளுங்கோ" என்ற ஒரே பதிலை எல்லாருக்கும் சொல்லுங்கள், உங்கள் மாமிக்கும்தான். ஒருவருக்குச் சொல்லி மற்றவருக்கு மறைத்தால்தான் கோபம் வரும். பயிற்சியில் ஒருவரை உறவினராக நடிக்க விட்டு, இந்தப் பதிலைச் சத்தமாகச் சொல்லிப் பழக்குங்கள். நோயாளியின் கோப்பைத் தள்ளுவண்டியில் திறந்தபடி வைக்கக்கூடாது. விடுதிக்குள் கைபேசியில் படம் எடுக்கவும் கூடாது.