நீதிபதி அமைச்சரானால்: கார்ல் ஷ்லூட்டர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுவீடனின் சிறைச் சீர்திருத்தம் பற்றிய கட்டுரையில் கார்ல் ஷ்லூட்டரைப் பாராட்டியிருந்தீர்கள். நீதிபதியாக இருந்தவர் கட்சி அமைச்சரவையில் சேர்வது நடுநிலைமைக்குக் கேடு இல்லையா?

வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயம் நியாயமானதே. ஆயினும் சுவீடனில் நீதிபதிகள் சில ஆண்டுகள் நீதி அமைச்சகத்தில் சட்ட வரைவுப் பணி செய்துவிட்டு நீதிமன்றத்துக்குத் திரும்புவது இன்றும் இயல்பான வழக்கம். ஷ்லூட்டர் அதற்கும் ஒரு படி மேலே போனவர். மால்மோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைவராக இருந்த அவர், 1932-இல் பெர் ஆல்பின் ஹான்சனின் சமூக ஜனநாயகக் கட்சி அரசில் நீதி அமைச்சரானார். தம் கட்சிச் சார்பை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

அவர் பதவியேற்றபோது, அபராதம் கட்டாத குற்றத்துக்காக மட்டும் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றுகொண்டிருந்தார்கள். குடிபோதையில் தெருவில் பிடிபட்ட கூலித் தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட அபராதத்தை அவரால் கட்ட முடியாவிட்டால், ஏன் கட்டவில்லை என்று யாரும் கேட்காமலே அது சிறைத் தண்டனையாக மாறிவிடும். அதே குற்றத்துக்கு ஆலை முதலாளி பணத்தை எண்ணி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். குற்றத்துக்கேற்ப நாட்களின் எண்ணிக்கையையும், வருமானத்துக்கேற்ப ஒரு நாளுக்குரிய தொகையையும் கணக்கிட்டு, இரண்டையும் பெருக்கி அபராதம் விதிக்கும் முறை அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அது ஷ்லூட்டரின் கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் 1934-இல் லுண்ட் நகரில் ‘சிறைகளைக் காலி செய்யுங்கள்’ என்று அவர் பேசியது (வாக்குச் சேகரிக்க உதவும் பேச்சல்ல) விவாதத்தைக் கிளப்பியது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம், கட்ட இயலாதவரையும் கட்ட மறுப்பவரையும் பிரித்துப் பார்க்கும்படி நீதிமன்றத்தைப் பணித்தது. அதன்பின் அபராதக் கைதிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

எந்த வழக்கின் தீர்ப்பிலும் தலையிடாமல், எல்லா வழக்குகளுக்கும் பொதுவான விதியை மாற்றுவது அமைச்சர் செய்யவேண்டிய வேலைதான் என்று கருதுகிறேன். அந்த விதி எளிய மக்கள்மேல் எப்படி விழுகிறது என்பதை நீதிபதியைவிட அறிந்தவர் யார்? 1936-இல் பதவி போனதும் அவர் நீதிமன்றத்துக்கே திரும்பினார். 1938 முதல் தண்டனைச் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1965-இல் அமலுக்கு வந்த சுவீடனின் குற்றவியல் சட்டத்துக்கு அக்குழுவின் உழைப்பும் ஓர் அடித்தளம்.

எனக்கு அவர்மேல் உள்ள குறை வேறு. குற்றவாளியைத் திருத்தலாம் என்ற நம்பிக்கையில், விடுதலை நாள் முன்கூட்டியே குறிக்கப்படாத இளைஞர் சிறை அவர் அமைச்சராக இருந்த 1935-இல்தான் சட்டமானது. எப்போது வெளியே வருவோம் என்று தெரியாமல் இளைஞர்களை அடைத்துவைத்த அந்த முறையைச் சுவீடன் பிற்காலத்தில் கைவிட்டது.