பக்கத்து சீட்காரர் வாயை மூட மறுத்தால்

நண்பரே, பெங்களூரு போக்கர் போட்டியில் பக்கத்து சீட்காரர் தன் கார்டை ஃபோல்டு செய்துவிட்டு (அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிட்டு), நீங்கள் யோசிக்கும்போதே எதிராளியைக் காட்டி "அவர்கிட்ட ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து கார்டு) இருக்கு, விட்டுடுங்க" என்றார், கார்டு போடும் டீலரும் பேசாமல் இருந்தார் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கோபம் வந்தது. இது விதிமீறலேதான். ஹேண்ட், அதாவது ஒருமுறை கார்டு போட்டு ஆடும் ஆட்டம், முடியும்வரை, ஃபோல்டு செய்தவர்கூட யோசனை சொல்லக் கூடாது.

அடுத்த முறை அவரோடு வாக்குவாதம் வேண்டாம். உங்கள் கார்டு மேல் ஒரு சிப் (பந்தய வில்லை) வையுங்கள், மற்ற சிப்ஸைத் தொடாதீர்கள், டீலரிடம் "ஃப்ளோரைக் கூப்பிடுங்க" (ஃப்ளோர் என்றால் போட்டி மேற்பார்வையாளர்) என்று சத்தமாகவே சொல்லுங்கள். ஃப்ளோர் வந்ததும் பக்கத்து சீட்காரர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கள். ஹேண்ட் முடிந்தபின் புகார் செய்தால் பாதி பேருக்கு நினைவிருக்காது. பெரும்பாலும் முதலில் அவருக்கு எச்சரிக்கை வரும். திரும்பச் செய்தால் ஒரு சுற்று வெளியே நிற்க வேண்டி வரலாம். அப்போதும் அவருடைய பிளைண்டு (முறை வரும்போது கட்டாயமாகப் போடும் பந்தயம்) அவர் சிப்ஸிலிருந்தே போகும், அது நன்றாகவே உறைக்கும்.

அப்புறம், எதிரே இருந்த நண்பர் தமிழில் தைரியம் சொன்னார் என்றீர்களே, அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். நானும் இன்னொருவரும் ஹேண்ட் நடுவே தமிழில் மதியச் சாப்பாடு பற்றிப் பேசி எச்சரிக்கை வாங்கியிருக்கிறோம். டேபிளில் மற்றவர்களுக்குப் புரியவில்லை என்றால் கூட்டுச் சேர்ந்து ஆடுவதாகத்தான் நினைப்பார்கள்.