வாசகர் கேள்வி பதில்: தட்டைச் சுடுவதற்கு இத்தனை விதிகளா?

எங்கள் மாவட்டத்துக்காரர் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் 125க்கு 118 தட்டுகளை உடைத்தார். இவ்வளவு சுட்டும் இறுதிச் சுற்றுக்கு வரவில்லையே, ஏன்?
*– வாசகர், புதுக்கோட்டை*

உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. 118 என்றால் ஏழே ஏழு தட்டுதான் தவறியிருக்கிறது, ஆனால் ட்ராப் போட்டியில் (எந்திரம் காற்றில் வீசும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் விளையாட்டு) அந்த ஏழு அவரை 21ஆம் இடத்துக்குத் தள்ளிவிட்டது. தகுதிச் சுற்றில் ஒரு ரவுண்டுக்கு 25 தட்டுகள் என்று ஐந்து ரவுண்டுகள், இரண்டு நாள் சுடவேண்டும், முதல் ஆறு பேர்தான் இறுதிக்குப் போனார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் தகுதிச் சுற்றில் ஸ்லோவாக்கியாவின் ஸூஸானா ஸ்டெஃபெசெகோவா 125க்கு 125 சுட்டார், ஒன்றைக்கூட விடவில்லை. இந்த விளையாட்டின் தரம் அந்த உயரத்தில் இருக்கிறது. அதே தொண்டைமான் 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் கைனன் செனாய், ஸொராவர் சிங் சந்துவோடு சேர்ந்து அணித் தங்கம் வாங்கினார் என்பதையும் மறக்கவேண்டாம்.

தட்டு எந்தப் பக்கம் வரும் என்று சுடுபவருக்குத் தெரியாதாமே? அப்படியானால் அதிர்ஷ்டம் உள்ளவருக்குச் சுலபமான தட்டு வருமா?
*– வாசகி, கரூர்*

வராது. எனக்கு இந்த விளையாட்டு பிடித்ததே இந்த ஒரு விஷயத்தால்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுடுபவர்கள் நிற்க வரிசையாக ஐந்து இடங்கள். அவர்களுக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு பள்ளம், அதற்குள் 15 எந்திரங்கள், ஒவ்வோர் இடத்துக்கும் நேராக மூன்று. நீங்கள் குரல் கொடுத்தால் (பலரும் 'புல்' என்பார்கள், என்ன சத்தம் போட்டாலும் சரி, மைக் பிடித்துக்கொள்ளும்) அந்த மூன்றில் ஏதோ ஒன்று தட்டை வீசும். இடதா, வலதா, நேரா, உயரமா, தாழ்வா, எதுவும் தெரியாது. தட்டு மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் உங்களைவிட்டு விலகிப் பறக்கும், ஒரு விநாடி ஆவதற்குள் சுட்டாகவேண்டும்.

ஆனால் மொத்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு ரவுண்டில் ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் 10, வலப்பக்கம் 10, நேராக 5. எந்த வரிசையில் என்பது மட்டும்தான் மறைவு. உங்களுக்கு முதலில் வந்த கஷ்டமான தட்டு எனக்குக் கடைசியில் வரும், அவ்வளவுதான். ஒரு தட்டு சுட்டதும் வலப்பக்கம் அடுத்த இடத்துக்கு நகரவேண்டும், ஆறு பேர் கொண்ட குழு என்பதால் ஒருவர் எப்போதும் முதல் இடத்துக்குப் பின்னால் காத்திருப்பார். உங்கள் முறை வந்தால் 12 விநாடிக்குள் குரல் கொடுத்தாகவேண்டும், நிதானமாக மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க முடியாது.

தட்டிலிருந்து புகை மாதிரி தூசி கிளம்பியதைப் பார்த்தேன், ஆனாலும் 'தவறியது' என்றார்கள். அநியாயம் இல்லையா?
*– வாசகர், திருநெல்வேலி*

விதி அப்படித்தான். கண்ணுக்குத் தெரிகிற ஒரு துண்டாவது உடைந்து விழவேண்டும். வெறும் தூசி பறந்தால் புள்ளி கிடையாது. அப்புறம் கீழே போய்த் தட்டைப் பொறுக்கி வந்து 'இதோ பாருங்கள், துளை' என்று காட்டவும் முடியாது. ஆட்சேபம் இருந்தால் அடுத்தவர் சுடுவதற்கு முன்பே கையைத் தூக்கிச் சொல்லிவிடவேண்டும். இறுதிச் சுற்றில் வண்ணப்பொடி நிரப்பிய தட்டுகளை வைப்பதால் இந்தத் தகராறு பெரும்பாலும் வருவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு: எந்திரத்திலிருந்து தட்டு உடைந்தே வெளியே வந்தால், அதை நீங்கள் சுட்டிருந்தாலும் கணக்கில் வராது, புதுத் தட்டு தருவார்கள்.

ஒரு தட்டுக்கு எத்தனை தோட்டா?
*– வாசகர், ஈரோடு*

தகுதிச் சுற்றில் இரண்டு. முதல் தோட்டாவில் உடைந்தாலும் இரண்டாவதில் உடைந்தாலும் ஒரே புள்ளி. தோட்டாவுக்குள் 24 கிராம் அளவுக்குத்தான் ஈயக் குண்டுகள் இருக்கலாம், எனவே 'பெரிய தோட்டா போட்டு ஜெயிக்கலாம்' என்ற வழியும் அடைபட்டது.

இறுதிச் சுற்றில் ஒரே தோட்டாதான், பழைய புள்ளிகளும் கூட வராது, எல்லோரும் பூஜ்யத்திலிருந்து. பாரிஸில் 25 தட்டுகள் முடிந்ததும் ஆறாமவர் வெளியே, பிறகு ஐந்தைந்து தட்டுக்கு ஒருவராக வெளியே, கடைசி இருவர் 50 வரை சுட்டார்கள். ஆண்களில் பிரிட்டனின் நேதன் ஹேல்ஸ் 48 தட்டுகளும், பெண்களில் குவாட்டமாலாவின் அட்ரியானா ருவானோ 45 தட்டுகளும் உடைத்துத் தங்கம் வென்றார்கள். முதுகுக் காயத்தால் ஜிம்னாஸ்டிக்ஸை விட்டு, ரியோ ஒலிம்பிக்கில் துப்பாக்கிச் சுடும் மைதானத்தில் தன்னார்வலராக வேலை பார்த்த ருவானோ, தன் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கினார். அந்த இறுதிப் போட்டியை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

துப்பாக்கியை ஒடித்த மாதிரி மடக்கித் தூக்கிக்கொண்டு நடக்கிறார்களே, அது ஸ்டைலா?
*– வாசகி, மதுரை*

இல்லை அம்மா, அது உயிர்ப் பாதுகாப்பு. மடக்கிய துப்பாக்கி சுடாது, உள்ளே தோட்டா இல்லை என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தூரத்தில் இருந்தே தெரியும். தன் இடத்தில் நின்று, குழாய் பள்ளத்தைப் பார்த்து இருக்கும்போது மட்டும்தான் தோட்டா போடலாம். தட்டு எழும்புவதற்கு முன்பே துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொள்ள ட்ராப்பில் அனுமதி உண்டு, ஸ்கீட் என்ற இன்னொரு தட்டுச் சுடும் போட்டியில்தான் தட்டு தெரியும்வரை இடுப்பருகே பிடிக்கவேண்டும். துப்பாக்கி சுடாமல் கோளாறு செய்தாலோ, பதறித் திறந்துவிடக் கூடாது, குழாயைத் திருப்பாமல் அப்படியே பிடித்தபடி நடுவரைக் கூப்பிடவேண்டும். அவர் வந்து பார்த்துக் கோளாறுதான் என்று ஒப்புக்கொண்டால் மறு தட்டு கிடைக்கும், அவர் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் திறந்துவிட்டால் அந்தத் தட்டு போனதுதான்.