கோவில் மணி கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது

அன்புள்ள அம்மா,

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுக்கிறேன். கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு பூசை தவறாமல் போய்க்கொண்டிருந்தவள். வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை. பெரியவளின் படிப்புக்காகக் குழு லோன் எடுத்தேன். மழைக் காலத்தில் பெயர், அதாவது சம்பளம் கிடைக்கும் வேலை நாட்கள், குறைந்ததால் இரண்டு தவணை கட்ட முடியவில்லை. குழுவில் இருந்த மற்றப் பெண்கள்தான் எனக்காகக் கட்டினார்கள். அவர்களில் ஒரு அக்கா, பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும் எல்லோர் முன்னாலும் காசைக் கேட்டுவிட்டார். கோவில் சந்தாவும் பாக்கி கிடக்கிறது. அன்றோடு நின்றுவிட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறேன். யாராவது கேட்டால் வேலை என்று சொல்லிவிடலாம். இரவில் போனில் பூசை பார்ப்பேன். சின்னவளுக்கு இந்த வருசம் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்கப்போகிறாள். "நீங்க ஏம்மா வாறதில்ல?" என்று கேட்கிறாள். இவ்வளவு நாள் போகாதது சாவான பாவமா? வீட்டிலே செபித்தால் போதாதா? கோவில் மணி கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது.

— ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

அந்தப் படபடப்பிலிருந்தே தொடங்குகிறேன். வெட்கப்பட்ட இடத்தை மனம் ஆபத்தான இடமாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். ஞாயிறு காலை கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறியதும் உங்கள் நெஞ்சு அமைதியாகியிருக்கும். அந்த நிம்மதிதான் அடுத்த வாரமும் உங்களைத் தடுக்கிறது. விலகியிருக்க இருக்க, திரும்பிப் போவது இன்னும் கடினமாகும். ஆகவே மனசு சரியானதும் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். பயத்தோடேயே சில தடவை போய், கடைசி வரை இருந்துவிட்டு வந்தால், அது தானாகக் குறையத் தொடங்கும்.

பாவமா என்று கேட்டீர்கள். தகுந்த காரணம் இல்லாமல், தெரிந்தே ஞாயிறு பூசையை விடுவது பாரதூரமான பாவம் என்றே திருச்சபை கற்பிக்கிறது. இதை மழுப்பிச் சொன்னால் உங்களுக்கு உதவாது. நோய், கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லாமை போன்ற காரணங்கள் விலக்குத் தரும் என்பதும், அச்சமும் நெருக்கடியும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்பதும் அதே போதனைதான். உங்கள் விசயத்தில் எது எவ்வளவு என்று நீங்களே தீர்ப்பெழுத வேண்டாம். பாவசங்கீர்த்தனத்துக்கு வார நாளொன்றில் நேரம் கேளுங்கள், பூசைக்கு முன் வரிசையில் நின்றால் அவசரப்படுவீர்கள். எனக்கு எழுதியதையே பாதரிடம் சொல்லுங்கள், போதும்.

சந்தாவைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். வறுமையால் எவருக்கும் நற்கருணை போன்ற அருட்சாதனங்கள் கிடைக்காமல் போகக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் 848 சொல்கிறது. சின்னவளின் புதுநன்மைக்கு உங்கள் பாக்கி தடையே இல்லை.

வீட்டுச் செபத்தை விடாதீர்கள், ஆனால் அது பூசைக்குப் பதிலாகாது. கி.பி. 155 அளவில் ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளரான புனித யுஸ்தீன் எழுதி வைத்ததில் அக்காலத்து ஞாயிறு வழிபாடு தெளிவாகத் தெரிகிறது. வாசகம், மறையுரை, மன்றாட்டு, பிறகு நற்கருணை. வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வசதியுள்ளவர்கள் விரும்பியதைப் போட, அந்தக் காசு அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் கஷ்டத்தில் இருந்தவர்களுக்கும் போனது. யார் வரவில்லை, யாரிடம் இல்லை என்று பார்ப்பது ஞாயிறு கூடுகையின் ஒரு பகுதியாகவே இருந்தது. எபிரேயர் 10:25 கூடிவருவதை விடாதீர்கள் என்று சொல்லும்போது, ஒருவரையொருவர் ஊக்கப்படுத்துவதையும் சேர்த்தே சொல்கிறது. போனில் பார்க்கும் பூசை படுக்கையில் கிடப்பவருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அதில் நற்கருணை வாங்க முடியாது. நீங்கள் வராததை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஒழுங்காகப் போகிறவர் இரண்டு வாரம் காணாவிட்டால் யாராவது லயத்துக்கு வந்து கேட்பார்கள். எப்போதாவது போகிறவரைத் தேட யாருக்கும் தோன்றாது.

முதலில் தீர்க்க வேண்டியது அந்த அக்காவின் விசயம். கோவில் வாசலில் கேட்டது தவறுதான். ஆனால் உங்கள் தவணையைக் கட்ட அவரும் எங்கேயோ புரட்டியிருப்பார். வார நாளில், வேலை விட்டு வந்த பிறகு, அவர் வீட்டுக்குப் போங்கள். கையில் சிறு தொகையாவது இருக்கட்டும். மிச்சத்தை எத்தனை தடவையில், எந்தத் திகதியில் தருவீர்கள் என்று சொல்லுங்கள். சம்பளம் 10ஆம் திகதி என்றால் 11ஆம் திகதி என்று சொல்லலாம். முடியாத தொகையைச் சொல்லிவிட்டால் அடுத்த மாதமும் ஒளிய வேண்டிவரும், அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "கோவில் வாசல்ல மட்டும் கேக்காதீங்க அக்கா" என்று நேரே சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஞாயிறு வேலையை இப்போதைக்கு விட முடியாது என்றால் சனி மாலைப் பூசை இருக்கிறது. திருச்சபைச் சட்டம் 1248இன்படி அதுவும் ஞாயிறு கடமையை நிறைவேற்றும். டவுன் கோவிலில் நேரத்தையும், திரும்பி வரக் கடைசி பஸ் எப்போது என்பதையும் முன்பே விசாரித்து வையுங்கள். தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு பாதர் மாதம் ஒருமுறைதான் வருவார் என்றால் அந்தத் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து மழையில் துணி காயாது. சேலையை வியாழனே துவைத்து அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுவிடுங்கள். உடுக்க நல்லதில்லை என்று கடைசி நேரத்தில் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

திருவிழா நாளில் திரும்பத் தொடங்க வேண்டாம், கூட்டம் அதிகம், கேள்விகளும் அதிகம். சாதாரண வாரத்தில், பத்து நிமிடம் முன்னதாகப் போய், நம்பிக்கையான ஒருவரோடு நடுப்பகுதியில் இருங்கள். கடைசி வாங்கில் இருந்தால் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது கேட்டால் "கொஞ்சம் கஷ்டம் இருந்தது, இப்ப வந்துட்டேன்" என்று சொல்லுங்கள், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரு வாரம் தவறினால் எல்லாம் போச்சு என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த வாரம் தவறாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரச வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். உயிரோடு இருந்து என்ன என்று எப்போதாவது தோன்றினால் காத்திருக்காமல் தேசிய மனநல உதவி எண்ணான 1926க்கு எடுங்கள், இரவிலும் எடுக்கலாம்.

சின்னவளிடம் லோன் கதை சொல்ல வேண்டாம். "அம்மாவுக்கு ஒரு சங்கடம் இருந்தது, இந்தச் சனிக்கிழமை ரெண்டு பேரும் போவோம்" என்று சொல்லுங்கள். அவள் படித்த செபங்களை பஸ்ஸில் போகும்போது கேளுங்கள்.